வளர்த்தது அம்மா, பாட்டு அப்பனுக்கு

ஏப்பா பேராண்டி, இங்கிட்டு வந்து இந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. போனைக் கவுத்தி வையி. பிள்ளைக்கு இன்னும் பேரே வைக்கலை, அதுக்குள்ள நீ அதைத் தோள்ல சாய்ச்சு, கண்ணை மூடிக்கிட்டு, பின்னால ‘விஸ்வாசம்’ பாட்டை ஓடவிட்டு ஒரு வீடியோ போட்டுட்டியாமே. எதுத்த வீட்டுப் பய காட்டுனான். நல்லாத்தான் இருந்துச்சு. உங்க அப்பத்தா அழுதே போயிட்டா. அவ எதுக்கும் அழுவா, அதை விடு. ஆனா அந்த வீடியோவுல ஓரமா ஒரு கை தெரிஞ்சுச்சே, பிள்ளை கக்குனதைத் துடைக்கத் துணியை நீட்டிக்கிட்டு, அது உன் பொண்டாட்டி கைதானே? அதை வெட்டி எறிஞ்சுட்டுல்ல போட்டிருக்கணும்? சினிமாக்காரன் கரெக்டா வெட்டிருவான். உனக்கு இன்னும் தொழில் படியலை.

கோவிச்சுக்காத. நீ நல்ல அப்பனா இருக்கணும்னு ஆசைப்படுறே, அது தப்பில்லை. எப்படி இருக்கணும்னு யாருகிட்டக் கேட்கிறதுன்னு தெரியாம தியேட்டர்ல போயிக் கேட்டிருக்கே. உங்க அப்பன்கிட்டக் கேட்டிருக்கலாம். அவன் ‘ம்’னு ஒத்தைச் சொல்லு சொல்லுவான். அதுக்கு மெட்டுப் போட ஆள் கிடைக்காது, அதுதான் கஷ்டம்.

நானும் டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குமிச்சு மேல உக்கார்ந்து படம் பார்த்த காலத்துலருந்து சினிமா அப்பன்மாரைப் பார்த்துக்கிட்டு வாரேன். அதனால நாலு வார்த்தை பேச எனக்கும் பாத்தியதை உண்டு.

முதல்ல உன் ‘விஸ்வாசம்’ படத்தையே எடுப்போம். 2019 பொங்கலுக்கு வந்துச்சு. அஜித்து பேரு தூக்குதுரை, ஊரு கொடுவிலார்பட்டி. நம்ம தேனிக்குப் பக்கத்து ஊருதான். சந்தைக்குப் போனப்ப அங்கிட்டு ஆளுககிட்ட விசாரிச்சேன், தூக்குதுரைன்னு அங்க யாரும் இல்லையாம். அது கிடக்கட்டும், கதையைப் பாரு. பிள்ளை கைக்குழந்தையா இருக்கப்பவே வீட்டுல பிரிவினை. பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மும்பைக்குப் போயிருது. அங்க டாக்டர் வேலையும் பார்த்து, பிள்ளையையும் வளர்த்து, ஓட்டப்பந்தயத்துக்குத் தயார்பண்ணி நிறுத்துது. அத்தனையும் முடிஞ்ச பிற்பாடு வாராரு அப்பா. நான்தான் அப்பன்னு சொல்லாமலேயே பிள்ளைக்குக் காவலாளா நின்னு, வாரவன் போறவனையெல்லாம் தூக்கித் தூக்கி எறியிறாரு. காய்ச்சல் வந்த ராத்திரியெல்லாம் அம்மாவா வந்த நயன்தாரா முழிச்சிருந்துச்சு, ரவுடி வந்த ராத்திரிக்கு மட்டும் அஜித்து. பாட்டு யாருக்கு? அப்பனுக்கு. அந்தப் படத்துக்கு இசை போட்ட இமானுக்குத் தேசிய விருதும் கிடைச்சுச்சு. நல்ல பாட்டு, நான் குறை சொல்லலை. நானும் முணுமுணுக்கிறவன்தான். இருந்தாலும் அம்புட்டு வருசம் அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டவளுக்கு ஒரு பல்லவிகூட இல்லாமப் போச்சேப்பா.

உனக்கு இதுல என்ன பாடம்னா, நீ கம்ப்யூட்டர் கம்பெனியில உக்கார்ந்து வேலை பார்க்கிறவன். உன் பிள்ளையைக் கடத்த எந்த வில்லனும் மும்பையிலருந்து டிக்கெட் எடுத்து வர மாட்டான். வரப்போறது சளி, வாந்தி, வயித்துப்போக்கு. சளிக்கு எதிர்ல மெதுவா நடந்து வந்து, கண்ணாடியைக் கழட்டி, என்னத்தைப் பண்ணப்போறே?

எங்க காலத்துல இந்தத் தொல்லை இல்லை. படத்துல பெரும்பாலும் அப்பனே இருக்க மாட்டான். எம்ஜியார் படத்துப் பேரைப் பாரு. 1956-ல ‘தாய்க்குப் பின் தாரம்’, 1961-ல ‘தாய் சொல்லைத் தட்டாதே’, 1962-ல ‘தாயைக் காத்த தனயன்’. மூணும் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்தது. அப்பன் சொல்லைத் தட்டாதேன்னு ஒரு படம் எடுக்க அவருக்கே தைரியம் வரலை. எடுத்திருந்தாலும் பொம்பளையாளுக டிக்கெட் வாங்கியிருக்க மாட்டாக. ஆம்பளையாளுகளும் வாங்கியிருக்க மாட்டாக, அவுகளுக்கும் ஒரு அப்பன் இருந்திருப்பான்ல. அப்ப சினிமா அப்பனுக்கு இருந்த பெரிய வேலை முதல் ரீல்ல சாகுறது. சுவத்துல மாலையோட ஏறிட்டாருன்னா, மகன் பழிவாங்கி முடிக்கிற வரைக்கும் சத்தம் போடாமத் தொங்குவாரு. கம்பெனிக்கும் லாபம், ஒருநாள் சம்பளத்தோட முடிஞ்சுரும்.

சாகாம உசுரோட இருந்தா ஏமாறணும். 1964-ல ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில பாலையாவைப் பாரு. எஸ்டேட்டு இருக்கு, காசு இருக்கு, கட்டிக்கொடுக்கப் பொண்ணுக இருக்கு, படம் எடுக்கிறேன்னு உசுரை வாங்க நாகேஷுன்னு ஒரு மகனும் இருக்கான். பெத்ததுக ஆளாளுக்கு அந்த மனுசனைச் சுத்தல்ல விட்டுச்சுக. நாகேஷ் திகில் கதை சொல்லச் சொல்ல, பாலையா மூஞ்சி கோணிக்கிட்டு, ஈரக்குலை நடுங்கக் கேட்பாரு பாரு. அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு. எந்த அப்பனும் பிள்ளை சொல்றதை அம்புட்டுக் கவனமாக் கேட்டு நான் அதுக்குப் பிறகு பார்த்ததே இல்லை.

சிவாஜி வந்துதான் அப்பனுக்குக் கூடத்துல நாற்காலி போட்டாரு. 1970-ல ‘வியட்நாம் வீடு’, பிரஸ்டீஜ் பத்மநாபன். வேலையிலருந்து ஓய்வு வாங்கி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக கண்ணுல மதிப்பு எப்படி இறங்குதுன்னு அந்த மனுசன் காட்டுனதைப் பார்த்து, நம்ம ஊர்ல போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர் ரிட்டயர் ஆகவே மாட்டேன்னு அடம்பிடிச்சாரு. அடுத்து 1974-ல ‘தங்கப்பதக்கம்’. எஸ்.பி. சௌத்ரி, கெட்டுப்போன சொந்த மகனையே சுட்டுட்டாரு. தியேட்டர்ல என்னா கைதட்டு!

அந்தக் கைதட்டுச் சத்தம் சினிமாக்காரன் காதுல ஒட்டிக்கிருச்சு. 1996-ல ‘இந்தியன்’ தாத்தா, லஞ்சம் வாங்கின மகனைக் குத்துனாரு. 2023-ல ‘ஜெயிலர்’ வந்துச்சு, அதுல ரஜினி பையன் போலீசு. நேர்மையானவன்னு நம்பி, அவனுக்காக அம்புட்டுத் தலையை உருட்டிட்டு, கடைசியில பய திருட்டுப்பயன்னு தெரிஞ்சதும் அவனையும் காவு கொடுத்துட்டாரு. அடுத்த வருசமே ‘கோட்’ படத்துல விஜய் அப்பன் விஜய் மகனைக் கொன்னாரு. பார்க்காதவன் காதைப் பொத்திக்கட்டும். அம்பது வருசமா பெத்த மகனைக் கொல்ற அப்பனுக்கு நம்ம ஊர்ல கூட்டம் குறையவே இல்லை. ‘கோட்’லயாவது பிள்ளையை வில்லன் தூக்கிட்டுப் போயி வளர்த்துட்டான்னு ஒரு சாக்கு உண்டு. மத்ததுல அந்தச் சாக்கும் கிடையாது. ஏப்பா, பிள்ளை கெட்டுப்போற வரைக்கும் நீரு எங்கய்யா இருந்தீருன்னு ஒரு போலீசுக்காரனாவது அந்த அப்பனைக் கேட்டானா? வளர்க்கிறதுல கோட்டை விட்டுட்டு, கொல்றதுல தியாகின்னு பேரு வாங்கிக்கிறது நல்ல ஏற்பாடுதான்.

சுடாத அப்பன் திட்டுவான். 2006-ல ‘எம்டன் மகன்’னு ஒரு படம், நாசர் அப்பன், பரத் மகன். மளிகைக்கடையில வச்சுப் பயலை வறுத்து எடுப்பாரு. தமிழ்ப் பேரு வச்சாக் கேளிக்கை வரி கிடையாதுன்னு அந்த வருசம் அரசாங்கம் சொன்னதும் ‘எம் மகன்’னு பேரை மாத்திட்டாங்க. எம்டன்கிறது 1914-ல மெட்ராஸ் மேல குண்டு வீசின ஜெர்மன்காரன் கப்பல். அந்த வருசமே ஆஸ்திரேலியாக் கப்பல் ஒண்ணு அதை அடிச்சு முடிச்சுருச்சு. மிச்சம் இருந்த பேரையும் நம்ம வரி இலாகா முக்கிருச்சு.

இதையெல்லாம் விட எனக்குப் பொறுக்காதது ‘7ஜி ரெயின்போ காலனி’. 2004-ல செல்வராகவன் எடுத்தது. உதவாக்கரைன்னு பேரெடுத்த மகனுக்கு வேலை கிடைச்சிருக்கு. வந்து சொல்றான். அப்பன் விஜயன் அப்பவும் வள்ளுன்னுதான் விழுறாரு. ராத்திரி விளக்கணைச்ச பிறகு, மகன் தூங்கிட்டான்னு நினைச்சுக்கிட்டு, பொண்டாட்டிகிட்ட அவனைப் பத்திச் சொல்லிச் சொல்லி உருகுறாரு. பய முழிச்சுக்கிட்டுக் கேட்டு அழுறான். தமிழ்நாட்டுல பாதிப் பயலுக அந்த இடத்துல அழுதீங்க. எனக்குக் கோவந்தான் வந்துச்சு. அந்தப் பய அன்னைக்கு அசந்து தூங்கியிருந்தா? அப்பன் நெஞ்சுல இருந்தது பொண்டாட்டி காதோட போயிருக்கும். பகல்ல சொன்னா என்ன, கரண்டு பில்லு ஏறுமா? நீங்க என்னடான்னா, ‘எங்கப்பாவும் இப்படித்தான், உள்ளுக்குள்ள பாசம்’னு அதுக்கு ஒரு பெருமை வேற. உள்ளுக்குள்ளயே வச்சிருந்தா அது யாருக்கு ஆகும்? பிள்ளையைப் பாராட்டணும்னா அது முழிச்சிருக்கப்பப் பாராட்டு. பேராண்டி, இது ஒண்ணை மட்டும் முடிச்சுப் போட்டு வச்சுக்க.

அதே விஜயன்தான் 1979-ல ‘உதிரிப்பூக்கள்’ படத்துல சுந்தரவடிவேலு. கட்டுனவளை வதைச்சு, ஊரையும் வதைச்சவன். கடைசியில ஊரே திரண்டு அவனை ஆத்துக்குள்ள இறங்க வச்சுருது. கரையில அவன் பெத்த ரெண்டு பிள்ளைக நிக்கும். எடுத்தது மகேந்திரன். ‘தங்கப்பதக்கம்’ கதையை எழுதினவரும் அவருதான். அங்க அப்பனுக்குப் பதக்கம் கொடுத்த கைதான் இங்க அப்பனைத் தண்ணிக்குள்ள இறக்குச்சு. எனக்குக் கேட்டா ரெண்டாவதுதான் பெரிய படம்பேன். ஊரு ஒரு அப்பனைத் தண்டிச்சா அது பிள்ளைக தலையில என்னவா விடியும்கிறதை வாயைத் திறக்காமச் சொன்ன படம்.

சரி, 2008-க்கு வா. அந்த வருசம் அப்பன்மாருக்கு நல்ல மகசூல். ‘சந்தோஷ் சுப்ரமணியம்’, ‘வாரணம் ஆயிரம்’, ‘அபியும் நானும்’ மூணும் ஒரே வருசத்துல. முதல் படத்துல அப்பன் பிரகாஷ்ராஜ், மகனுக்கு எல்லாத்தையும் தானே முடிவுபண்ணுவாரு. தெலுங்குல வந்த ‘பொம்மரில்லு’தான் இது, ஆக இந்த வியாதி ஆந்திராவுலயும் உண்டுன்னு ஆறுதல் பட்டுக்கலாம். அடுத்தது ‘வாரணம் ஆயிரம்’. சூர்யாவே அப்பா, சூர்யாவே மகன். இதுல ஒரு சவுகரியம், ஜாடை ஒத்துப்போகலையேன்னு எவனும் வாய் பேச முடியாது. இதுக்கு முன்னாடி 1997-லயே ‘சூர்யவம்சம்’ படத்துல சரத்குமாருக்கு சரத்குமாரே அப்பன். டிவியில அதைப் போடாத மாசம் உண்டா? 2019-ல ‘பிகில்’ படத்துல விஜய்க்கு விஜய். அப்பன்னா யாருய்யான்னு நம்ம கதாநாயகனைக் கேட்டா, ‘நான்தான், காதோரம் கொஞ்சம் வெள்ளை அடிச்சுக்கிட்டு’ம்பான். வேற ஆளை அப்பன் வேசத்துக்குப் போட்டா கைதட்டுல பாதி அங்கிட்டுப் போயிரும்ல.

‘வாரணம் ஆயிரம்’ அப்பன் நல்ல அப்பன்தான், மறுக்கலை. மகன்கிட்டச் சிநேகிதமாப் பேசுவாரு, தோள்ல கை போடுவாரு. ஆனா கதை எங்க ஆரம்பிக்குது? பட்டாளத்து மகன் ஹெலிகாப்டர்ல போறப்ப, அப்பன் செத்துட்டாருன்னு சேதி வருது. அதுக்குப் பிறகுதான் அப்பனோட அருமை பெருமையெல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வருது. நம்ம சினிமாவுல அப்பனைப் பத்தி நல்லதாப் பேச அவர் சாகணும், இல்லை சாகக் கிடக்கணும். 2023-ல ‘வாரிசு’ பாரு, விஜய் அப்பன் சரத்குமாருக்குப் புத்துநோய் வந்தாத்தான் குடும்பம் கூடுது. ஆசுபத்திரிக்காரன் சீட்டு எழுதிக் கொடுக்காம மகன் பாசம் வெளிய வரவே வராது போல. நீ உங்க அப்பனைப் பத்தி என்ன நினைக்கிறியோ அதை இப்பவே சொல்லிரு. அவன் ‘சரி சரி, போயி மோட்டாரை நிப்பாட்டு’ம்பான். பரவாயில்லை, சொல்லு.

டிவி அப்பன்மார் வேற சாதி. அவுகளைச் சாகவிட மாட்டாக, கஷ்டப்படத்தான் விடுவாக, அதுவும் வருசக்கணக்கா. ‘மெட்டி ஒலி’ 2002-ல சன் டிவியில ஆரம்பிச்சப்ப ஊரே வாசல்கதவைச் சாத்திட்டு உள்ள உக்கார்ந்துருச்சு. டெல்லி குமாரு, சிதம்பரம்னு பேரு, அஞ்சு பொம்பளப் பிள்ளைகளைப் பெத்தவரு. ஒவ்வொண்ணையும் கட்டிக்கொடுத்து, ஒவ்வொண்ணும் கண்ணைக் கசக்கிக்கிட்டு வர வர, அந்த மனுசன் வாசல்ல உக்கார்ந்து துண்டால மூஞ்சியத் துடைச்ச துடைப்புக்கு எங்க ஊர்ப் பொம்பளைக வரதட்சணையையே வைஞ்சாக. வைஞ்சுட்டு மறுநாள் மகனுக்கு எத்தனை பவுன் கேட்கலாம்னு கூடிப் பேசுனாக, அது வேற கதை. அந்தச் சீரியலை எடுத்த திருமுருகன்தான் ‘எம்டன் மகன்’ படத்தையும் எடுத்தவரு. பொண்ணைப் பெத்தவனுக்குத் துண்டு, பையனைப் பெத்தவனுக்குப் பிரம்புன்னு ரெண்டு கணக்கையும் ஒரே ஆளு எழுதி வச்சாரு.

பிறகு ‘பாக்கியலட்சுமி’ கோபி வந்தாரு. வளர்ந்த பிள்ளைக வீட்டுல இருக்க, காலேஜுல காதலிச்சவளைத் தேடிப் போயி ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. வில்லன்னுதான் கொண்டாந்தாக. பார்க்கிற சனம் அவரைக் காமெடியன் ஆக்கி மடியில தூக்கி வச்சுக்கிருச்சு. ‘எதிர்நீச்சல்’ ஆதி குணசேகரனும் அப்படித்தான். செத்துப்போன மாரிமுத்து, நம்ம தேனி மாவட்டத்துக்காரரு, அதட்டுன அதட்டலுல வீட்டுப் பொம்பளைக எல்லாம் நடுங்குனாக. அந்த நாடகம் அவரைக் கெட்டவன்னு காட்டத்தான் எடுத்தது. நம்ம பயலுக என்னடான்னா அவர் அதட்டுறதை வெட்டி வெட்டிப் போன்ல போட்டுச் சிரிச்சான். அதட்டுறவனைப் பார்த்துச் சிரிக்கிறோமா, சேர்ந்து அதட்டுறோமான்னு எனக்கு ஒருநாளும் விளங்கலை. உனக்கு விளங்குச்சா? நீயும்தானே அனுப்புனே எனக்கு?

இந்த இடத்துல ஒரு மனுசனுக்காக நான் வக்காலத்து வாங்கணும். 1994-ல வந்த ‘நாட்டாமை’யில கவுண்டமணியும் செந்திலும் பொண்ணு பார்க்கப் போவாக. செந்தில் அதுல கவுண்டமணிக்கு அப்பன், அந்தக் கொடுமையைத் தனியாப் பேசணும். போன வீட்டுல பழைய குட்டெல்லாம் உடைஞ்சு ஊரே நாறிக்கிட்டிருக்கும். ஒருத்தர் மட்டும் மூலையில உக்கார்ந்து மிக்சர் தின்னுக்கிட்டே இருப்பாரு. அவருதான் அந்த வீட்டுக்காரரு. முப்பது வருசமா அவரை வச்சுச் சிரிச்சுக்கிட்டிருக்கீங்க. எவன் வேலைவெட்டி பார்க்காமச் சும்மா நின்னாலும் மிக்சர் தின்கிறான்ங்கிறீங்க. நான் சொல்றேன், நம்ம சினிமா காட்டுனதுலயே உண்மையான அப்பன் அவரு ஒருத்தர்தான். மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது, அவருகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கலை, தட்டை மட்டும் கையில கொடுத்துட்டாக. எத்தனை வீட்டுல இதைப் பார்த்திருக்கேன். உங்க அத்தை கல்யாணத்துல நானே காராச்சேவோட உக்கார்ந்திருந்தவன்தான்.

தியாகி அப்பன்களையும் சொல்லாம விட்டாப் பாவம். எலும்பு கடிச்சே பேரு வாங்கின ராஜ்கிரணை 2005-ல சேரன் ‘தவமாய் தவமிருந்து’ படத்துல அச்சாபீசு முத்தையாவா உக்கார வச்சாரு. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க அந்த மனுசன் பட்ட பாட்டைப் பார்த்து, படம் ரொம்ப நீளம்னு முனகிக்கிட்டே நானும் மூக்கைச் சிந்துனேன். 2013-ல ராம் எடுத்த ‘தங்க மீன்கள்’ வேற தினுசு. மகள் மேல உசுரு, பையில காசில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பீஸ் கட்ட வழியில்லை. எல்லாரும் அந்த அப்பனையும் மகளையும் கொண்டாடுறீங்க. அதுல ‘பூ’ ராமு தாத்தாவா வருவாரே, ரிட்டயர் ஆன வாத்தியாரு, அந்த வீட்டு உலையில அரிசி யாரு போட்டதுன்னு நினைக்கிறே? மகன் பாசத்தைப் பாட்டாப் பாட, பென்சன்ல குடித்தனம் ஓடுச்சு. தாத்தாவுக்கும் ஒரு பாட்டு எழுதியிருக்கலாம். நான் எனக்காகக் கேட்கலை.

இப்ப சிரிப்பை நிப்பாட்டிட்டு ஒண்ணைக் கேளு. நீ பொம்பளப் பிள்ளை பெத்தவன், உனக்குத்தான் இது.

‘அபியும் நானும்’ பார்த்திருக்கேல்ல. ராதாமோகன் படம், பிரகாஷ்ராஜ் தானே காசு போட்டு நடிச்சது. மகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அழுகிறாரு, மகள் சைக்கிள் கேட்டாப் பதறுறாரு, மகள் டெல்லிக்குப் படிக்கப் போறதுக்கு மூக்கால அழுறாரு. ஒருநாள் அந்தப் பிள்ளை திரிஷா, டர்பன் கட்டுன சர்தார் பையனைக் கொண்டாந்து இவரைத்தான் கட்டிக்கப்போறேன்னு நிறுத்துது. மனுசன் கொதிக்கிறாரு, குமுறுறாரு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாரு. பிறகு இறங்கி வாராரு. பிள்ளை அது பாட்டுக்குப் போயி நல்லா வாழுது. குடும்பத்தோட உக்கார்ந்து பார்த்தோம், எல்லாருக்கும் சந்தோசம்.

பன்னெண்டு வருசம் கழிச்சு, 2020 டிசம்பர்ல, நெட்ஃப்ளிக்ஸ்ல ‘பாவக் கதைகள்’னு நாலு கதை வந்துச்சு. அதுல வெற்றிமாறன் எடுத்த கதை ‘ஓர் இரவு’. அப்பன் அதே பிரகாஷ்ராஜ். மகள் சாய் பல்லவி. வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டு பெங்களூர்ல இருக்கு, வயித்துல பிள்ளை. அப்பன் தேடிப் போறாரு. கோவமெல்லாம் தீந்துபோச்சு, வளைகாப்பு வைக்கணும், ஊருக்கு வாம்மாங்கிறாரு. அந்தப் பிள்ளையும் நம்பி வருது. அன்னைக்கு ராத்திரி அப்பன் கையால கொடுத்த தண்ணிதான் அதுக்குக் கடைசித் தண்ணி. பெத்தவ கதவுக்கு அங்கிட்டு நின்னு கத்துறா, கதவு திறக்கலை.

நான் அந்தப் படத்தைப் பாதியில நிப்பாட்டிட்டு வெளிய வந்து உக்கார்ந்துட்டேன். பிறகு போயி முடிச்சேன். என்னை உலுக்கினது என்னன்னா, ரெண்டும் ஒரே மூஞ்சி. ‘ஓர் இரவு’ அப்பனும் அந்தப் பிள்ளையைப் பாசமா வளர்த்தவன்தான், படிக்க வச்சவன்தான். மகள் சின்னதா இருக்க வரைக்கும் ரெண்டு அப்பனுக்கும் ஒரு வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியாது. அது தனக்குன்னு ஒருத்தனைக் கைகாட்டுற அன்னைக்குத்தான் தெரியும். 2004-ல ‘காதல்’ படத்துல மதுரை அப்பன் வீட்டாளுக, ஓடிப்போன மகளையும் மருமகனையும் நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டியாந்து என்ன பண்ணுனாகன்னு தெரியும்ல. 2018-ல ‘பரியேறும் பெருமாள்’ல மாரிமுத்து, அதட்டுற குணசேகரன் இல்லை, அமைதியான, படிச்ச மனுசன். மகளுக்கும் கெட்டது நடக்கக் கூடாது, சொந்தக்காரன் முன்னால தலையும் குனியக் கூடாதுன்னு, மகளோட பழகுன பயகிட்டப் போயி ஒதுங்கிக்கன்னு கெஞ்சுறாரு. அந்தப் பயலுக்கும் ஒரு அப்பன் இருக்காரு. பொம்பள வேசம் கட்டி ஆடுற கூத்துக் கலைஞரு. காலேஜு வாசல்ல அவரு வேட்டியை உருவி ஓடவிட்டானுக. நம்ம சினிமாவுல இத்தனை அப்பன் வந்தானே, துப்பாக்கி, அருவா, ஹெலிகாப்டர்னு, அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே ஓடுனதைப் பார்த்த பிறகு மத்தவனெல்லாம் எனக்கு வேசக்காரனாத்தான் தெரியுறான்.

ஏன் இதை உன்கிட்டச் சொல்றேன்? நீ வீடியோவுக்குக் கீழ ‘என் இளவரசி’ன்னு எழுதியிருந்தியாம். எழுது, வேணாங்கலை. இளவரசின்னு ஒண்ணு இருந்தா ஒருநாள் அவளா ஒரு ராசாவைக் கூட்டிக்கிட்டு வருவா. அவன் எந்தத் தெருக்காரன்னு உங்க பெரியப்பன் கேட்பான், உங்க சித்தப்பன் கேட்பான், இந்தத் திண்ணையில உக்கார்ந்து வெத்தலை போடுறவனெல்லாம் கேட்பான். அன்னைக்கு நான் இருக்க மாட்டேன், இருந்தா உன் பக்கத்துல நிப்பேன். நீ எந்தப் பிரகாஷ்ராஜுன்னு அன்னைக்குத்தான் தெரியும். இப்பவே யோசிச்சு வச்சுக்க, அந்த நேரத்துல யோசிக்க நேரம் கொடுக்க மாட்டானுக.

அது வரைக்கும் இருபது இருபத்தஞ்சு வருசம் கிடக்கு. அம்புட்டு வருசமும் என்ன பண்றதுன்னு எந்தப் படமும் சொல்லிக்கொடுக்கலை, நான் சொல்றேன். பாட்டுல பிள்ளை தொட்டில்ல கிடக்கும், பாட்டு முடியிறப்ப பாவாடை தாவணியில நிக்கும். நடுவுல போன வருசத்தையெல்லாம் எடிட்டர் விழுங்கிருவான். உனக்கு எடிட்டர் கிடையாது. பீத்துணி அலசு. ராத்திரி ரெண்டு மணிக்கு அது கத்துனா, ‘பாப்பா அழுகுது’ன்னு பொண்டாட்டிக்குச் சேதி சொல்லிட்டுத் திரும்பிப் படுக்காத, அவளுக்கும் காது இருக்கு. பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போடக் கூப்பிட்டா நீ போ. அதுக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கிறாது, எந்த வாத்தியாரைக் கண்டாப் பயம், சிநேகிதி பேரு என்ன, இதெல்லாம் உன்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியணும். எனக்கு என் பிள்ளைக எத்தனாங் கிளாஸ்னுகூட உங்க அப்பத்தாதான் சொல்லணும், அந்தக் காலம் அப்படி. உங்க காலத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது, போன்லயே எல்லாம் வச்சிருக்கீங்க.

பிள்ளைக்கு ஆறாவது வாரம் வரப்போகுது. அந்த வாரம் ஊசி உண்டு, பிறகு பத்தாவது வாரம், பதினாலாவது வாரம். நர்சம்மா கொடுத்த அட்டையில எழுதியிருக்கு, அட்டை எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது, பொண்டாட்டியைக் கேளு. நீயே தூக்கிட்டுப் போ. ஊசி போடுறப்ப அது உன் மூஞ்சியத்தான் பார்த்துக் கத்தும், ராத்திரி காய்ச்சல் அடிக்கும், நீ முழிச்சிருக்கணும். வீடியோ எடுக்க அங்க விட மாட்டாக. நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஊசி போடுறது புதன்கிழமை. ஆபீசுக்கு இன்னைக்கே லீவு சொல்லிரு.